மூன்று முறை சொட்டு விட்டும் கண் பாவை (கண்ணின் நடுக் கருந்துளை) விரியவில்லையே?

கேள்வி: வயது 58. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். விழித்திரைப் பரிசோதனைக்குப் போனால் மூன்று தடவை சொட்டு விட்டு, இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்தவர் அரை மணியில் உள்ளே போய்விட்டார். ஏன் இப்படி? பிரஷர்காரர்களுக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளுமா?

பதில்: மருந்தில் கோளாறில்லை. நம் ஊரில் பெரும்பாலும் விடுவது டிராபிகாமைடு 0.8 சதவீதமும் ஃபினைல்எஃப்ரின் 5 சதவீதமும் கலந்த சொட்டு. முதலாவது, பாவையைச் சுருக்கும் தசையைத் தளர்த்தும். மற்றது விரிக்கும் தசையை இழுக்கும். நாட்பட்ட சர்க்கரையில் பாவையை இயக்கும் நரம்புகள் நலிந்துவிடுவதால் அது மெதுவாகவே விரியும். போதாததற்கு, நம் கண்களின் கரிய நிறமி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எரிச்சலில் கண்ணைக் கசக்கினால் பாதி மருந்து கன்னத்தில்தான் வழியும். சொட்டு விழுந்ததும் கண்ணை மெல்ல மூடி, மூக்கோரக் கண்முனையை விரலால் 2 நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்கி ரத்தத்தில் கலப்பது இதனால் குறையும். பிரஷர்காரர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் ஃபினைல்எஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. சொட்டு விட வருபவரிடம் பிரஷர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் டிராபிகாமைடு விடுவார்கள். அன்றைய மாத்திரையை நிறுத்தாதீர்கள். சாப்பிட்டுவிட்டே போங்கள், காத்திருக்கும் பெஞ்சில் சர்க்கரை இறங்கி மயங்குவது புதிதல்ல.

கிட்டத்து எழுத்து 4 முதல் 6 மணி நேரம் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். கூலிங்கிளாஸோடு ஆட்டோவில் வீடு திரும்புங்கள், நீங்களே வண்டி ஓட்ட வேண்டாம். அன்று கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கண் நீரழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம்.

கேள்வி: நாலு வயது மகளுக்குக் கண்ணாடி பார்க்க, அட்ரோபின் களிம்பை 3 நாள் போட்டு வரச் சொன்னார்கள். எதற்கு?

பதில்: குழந்தைகளின் குவியத் தசைக்கு (பார்வையைக் குவிக்கும் தசை) வலு அதிகம். அதை அட்ரோபினால் நன்றாகத் தளர்த்தாமல் அளந்தால் பவர் தப்பாக வரும். கீழிமைக்குள் அரிசியளவு போதும். பரிசோதனை நாள் காலையில் போடாதீர்கள், களிம்புப் படலம் அளவைக் கெடுக்கும். போட்டபின் கையைச் சோப்பால் கழுவுங்கள். குழந்தை கண்ணைத் தேய்த்த விரலை வாயில் வைக்க விடாதீர்கள். முகம் சிவந்து காய்ச்சலடித்தாலோ, பிதற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மங்கல் பத்துப் பதினைந்து நாள்கூட நீடிக்கும்; டீச்சரிடம் சொல்லி வையுங்கள்.