வாசலிலேயே தீர்ப்பா?

கேள்வி: அமெரிக்காவில் அடுத்தவர் வீட்டில் புகுந்து உட்கார்ந்துகொள்பவர்களை, கோர்ட்டுக்குப் போகாமலே ஷெரீஃப் என்ற உள்ளூர்ப் போலீஸ் அதிகாரியை வைத்து வெளியேற்ற ஃபுளோரிடா மாநிலம் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. சொந்த வீட்டை மீட்க வருடக்கணக்கில் அலைய வேண்டாம். இதைக்கூடச் சிலர் எதிர்ப்பது என்ன நியாயம்?

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பூட்டை உடைத்து நுழைந்தவர் ஒரு போலி வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால், ‘இது சிவில் தகராறு’ என்று போலீஸ் ஒதுங்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது. வரியும் வங்கித் தவணையும் கட்டிக்கொண்டே தன் வீட்டுக்கு வெளியே நிற்பவருக்குச் சீக்கிரம் ஒரு வழி பிறக்கத்தான் வேண்டும்.

ஆனால் சட்டத்தை முழுதாகப் படியுங்கள். 2024 ஜூலை 1 முதல் அங்கே நடைமுறையில் இருப்பது இதுதான்: உரிமையாளர் உறுதிமொழியோடு புகார் எழுதித் தருகிறார், வீடு அவருடையதுதானா என்று ஷெரீஃப் சரிபார்க்கிறார், உடனே வெளியேறும்படி உள்ளே இருப்பவருக்கு நோட்டீஸ் போகிறது. வாடகைக்கு இருப்பவர்மேல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, வாய்ப்பேச்சில் குடிவந்தவரையும் சேர்த்து. சரி, வாய்ப்பேச்சில் குடிவந்தவர் வாசலில் நிற்கும் அதிகாரியிடம் எதைக் காட்டுவார்? தவறாக வெளியேற்றினால் வாடகையைப் போல் மூன்று மடங்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமாம். பெட்டி படுக்கையோடு தெருவுக்கு வந்த பிறகு!

இன்னொருவரையும் நினைத்துப் பாருங்கள். இணையத்தில் விளம்பரம் பார்த்து, உரிமையாளர் என்று சொல்லிக்கொண்ட மோசடிக்காரனிடம் முன்பணம் கட்டி, சாவி வாங்கிக் குடியேறிய குடும்பம். உண்மையான உரிமையாளர் அனுமதி தரவில்லை என்பதால் அவர்களும் வெளியேற வேண்டியவர்களே. மோசடிக்காரனுக்கு அதே சட்டத்தில் கடும் தண்டனை உண்டு. குழந்தைகளோடு அன்று ராத்திரி எங்கே தங்குவது என்பதற்குத்தான் அதில் பதில் இல்லை.

சில வாரம் தங்கினாலே வீடு சொந்தமாகிவிடும் என்ற பயத்தையும் பலர் கிளப்புகிறார்கள். அது தவறு. எதிரிடை அனுபோகத்தில், அதாவது அடுத்தவர் சொத்தை நீண்ட காலம் தொடர்ந்து அனுபவித்ததை வைத்து, உரிமை கோர ஃபுளோரிடாவில் 7 ஆண்டுகள் ஆக வேண்டும். பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவில் பொதுவாக 20 ஆண்டுகள்.

அத்துமீறலைக் குற்றமாக்கும்போது, ‘இங்கே வராதே’ என்று முன்கூட்டியே தெரியப்படுத்த வேண்டும் என்பது பழைய விதி. டெக்சாஸில் 1997-இல் மரத்திலோ கம்பத்திலோ ஊதா வண்ணக் கோடு போட்டால் அதுவே எச்சரிக்கை என்று சட்டம் வந்தது. அது நல்ல மாற்றம். கெட்டதற்கும் உதாரணம் இருக்கிறது. 1960-இல் தென் கரோலினாவின் கொலம்பியா நகரில், எல்லோரும் வந்துபோகும் ஒரு மருந்துக் கடையின் உணவகப் பகுதியில் இரண்டு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்தார்கள். நுழையாதே என்று பலகை எதுவும் இல்லை. அன்றைய சட்டம் தடையை மீறி நுழைவதைத்தான் குற்றம் என்றது. போகச் சொன்ன பிறகும் இருந்ததையே குற்றமாக்கி மாநில நீதிமன்றம் சட்டத்தை இழுத்து நீட்டியது. 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. சொத்துரிமை என்ற பெயரில் யாரையெல்லாம் வெளியே தள்ளினார்கள் என்று தெரிந்தவர்களுக்கு, இப்போதைய அவசரம் கவலை தருவதில் ஆச்சரியமில்லை.

ஜார்ஜியா அதே 2024-இல் இன்னும் பொறுப்பாக நடந்துகொண்டது. அங்கே உள்ளே இருப்பவருக்கு 3 வேலை நாட்கள் தருகிறார்கள். அதற்குள் ஒப்பந்தத்தையோ வாடகை கட்டிய ஆதாரத்தையோ காட்டினால், 7 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் விசாரிப்பார். எதுவும் காட்டாதவரைக் கைது செய்யலாம். வீட்டுக்காரர் வருடக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம், அப்பாவி தெருவுக்கு வரவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அந்தக் கொடுமையைத் தீர்க்கப் பத்துப் பன்னிரண்டு நாள் போதும் என்றால், ஃபுளோரிடா அந்த நாட்களைக்கூடத் தர மறுப்பதைத்தான் நானும் எதிர்க்கிறேன்.