பழைய போர்ஷேயின் சஸ்பென்ஷன்: பணமும் போய், காரும் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. என்ன செய்வது?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். 2007 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் வைத்திருக்கிறேன். ஷாக் அப்சார்பர், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் தேய்ந்துபோனதால் சென்னையில் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். முதலில் வாட்ஸ்அப்பில் 2.4 லட்சம் என்று கொட்டேஷன் தந்தார்கள். அப்புறம் "காயிலோவரே போட்டுவிடலாம்" (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும், வண்டியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்) என்று சொல்லி மொத்தம் 4.1 லட்சம் வாங்கினார்கள். அதில் 1.6 லட்சம் ரொக்கம், அதற்குப் பில் இல்லை. சில வாரங்களிலேயே முன்பக்கம் சத்தம் வந்தது, டயர்களின் உள்விளிம்பும் தேய்ந்துவிட்டது. இங்கே வேறொரு மெக்கானிக் பார்த்துவிட்டு, லோயர் ஆர்ம்களைக் கழுவிப் பழைய புஷ்ஷோடு திரும்ப மாட்டியிருக்கிறார்கள் என்றார். வண்டியை மறுபடி சென்னைக்கே அனுப்பினேன். "காயிலோவர் என்றால் இப்படித்தான், வாரன்டி கிடையாது" என்கிறார்கள். நான் சொல்லாத வேலைக்கு 38,000 கட்டினால்தான் வண்டி என்கிறார்கள். நடுவில் ஒரு முறை செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்கில் ஓட்டினேன். பணம் திரும்பக் கிடைக்குமா? காயிலோவர் போட்டதற்கு ஆர்டிஓ வழக்குப் போடுவார்களா?

பதில்: முதல் வேலையாக, இன்றே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "என் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வண்டியில் இனி எதையும் கழற்றவோ மாற்றவோ கூடாது. கழற்றிய பழைய பாகங்களும் புதியவற்றின் அட்டைப்பெட்டிகளும் எனக்கு வேண்டும்" என்று இரண்டு வரி போதும். அந்தப் பழைய புஷ்தான் உங்கள் வழக்கின் உயிர். சமாதானம் பேசுகிற சாக்கில் அவர்கள் அதை மாற்றிவிட்டால், உங்களிடம் மிஞ்சுவது வெறும் புகார்தான்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பாருங்கள். புதிய புஷ்ஷுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பழையதையே மாட்டினார்கள் என்பது ஒன்று. காயிலோவர் சத்தம் போடுகிறது என்பது இன்னொன்று. முதலாவது நிரூபணமானால் அவர்களுக்குத் தப்பிக்க வழியில்லை. இரண்டாவதில் வாதத்துக்கு இடம் உண்டு. காயிலோவர் கொஞ்சம் விறைப்பாக இருப்பது உண்மை, ட்ராக்கில் ஓட்டியதால்தான் டயர் தேய்ந்தது என்றும் சொல்வார்கள். ஆகவே புஷ்ஷை முன்னால் வையுங்கள், சத்தம் பின்னால் வரட்டும். ட்ராக் விஷயத்தை மறைக்காமல் நீங்களே புகாரில் எழுதிவிடுங்கள். அதை எதிர்த்தரப்பு கண்டுபிடித்துச் சொன்னால், நீங்கள் சொன்ன மற்றதையும் நுகர்வோர் ஆணையம் சந்தேகிக்கும்.

அங்கீகாரம் பெற்ற சர்வேயர் ஒருவரையோ போர்ஷே சர்வீஸ் மையத்தையோ கொண்டு வண்டியைப் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கேம்பர், டோ (சக்கரத்தின் சாய்வு, திசை) அளவுகளோடு அலைன்மென்ட் ரிப்போர்ட் கட்டாயம் வேண்டும். வண்டியைத் தாழ்த்திய பிறகு அலைன்மென்ட் சரியாகச் செய்யாவிட்டால் டயரின் உள்விளிம்பு தேயும். புஷ் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும் உயரத்தில் முறுக்க வேண்டும். லிஃப்ட்டில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். இவை வேலையில் உள்ள குறைகள். பாகத்துக்கு வாரன்டி இல்லை என்பது இவற்றுக்குப் பதில் ஆகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சேவைக் குறைபாட்டைத் தனியாகவே சொல்கிறது. பில் தராததும் அதே சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை. ரொக்கம் வாங்கிக்கொண்டதாக அவர்கள் அனுப்பிய செய்தி ஏதாவது வாட்ஸ்அப்பில் இருந்தால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். ஃபோனையும் மாற்றாதீர்கள்.

அடுத்தது வண்டி. செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையை இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 மெக்கானிக்குக் கொடுக்கிறது. இதை நீங்கள் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த உரிமை நீங்கள் ஒப்படைத்த வேலைக்கு மட்டும்தான். கேட்காத வேலைக்கு அவர்களாகவே பில் போட்டு வண்டியைப் பூட்டி வைக்க அது இடம் தராது. வண்டி அவர்கள் கையில் இருக்கும்வரை அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் பிரிவு 151-இன்படி அவர்களுடையதே. துணிக்கூரை வண்டி என்பதால் சென்னை மழையை நினைத்து எனக்கே கவலையாக இருக்கிறது. புகாரோடு சேர்த்து, வண்டியை விடுவிக்க இடைக்கால உத்தரவு கேளுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38(8) அதற்கு வழி செய்கிறது. அதுவரை காத்திருக்க முடியாது என்றால், "ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன், திரும்பக் கோருவேன்" என்று எழுதி அனுப்பிவிட்டு 38,000-ஐ வங்கி மூலம் கட்டி வண்டியை எடுத்து வரலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

புகாரைக் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். புகார்தாரர் வசிக்கும் ஊரில் வழக்குப் போட அதே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 34 அனுமதிக்கிறது. சென்னைக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பலர் அங்கேயே இறங்கி வருவார்கள்.

இனி ஆர்டிஓ. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிப்படுத்தியது. தேய்ந்த ஷாக்ஸை அதே அளவு புதியதாக மாற்றுவது இந்தத் தடைக்குள் வராது. காயிலோவரால் ஆர்சியில் உள்ள எஞ்சின் திறனோ வீல்பேஸோ இருக்கையோ மாறுவதில்லை என்பதால் உங்கள் பக்கம் நல்ல வாதம் இருக்கிறது. ஆனாலும் எல்லா அதிகாரியும் அப்படிப் பார்ப்பார் என்று நான் உறுதி தர மாட்டேன். அனுமதியில்லாத மாற்றம் என்று முடிவானால் பிரிவு 182ஏ(4)-இன்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். டயர் ஃபெண்டரில் உரசும் அளவுக்குத் தாழ்த்தியிருந்தால் பாதுகாப்பற்ற வண்டி என்று பிரிவு 190-உம் வரும். 15 ஆண்டு முடிந்து 2022-இல் பதிவைப் புதுப்பித்திருப்பீர்கள். 2027-இல் மறுபடி ஆய்வுக்குக் காட்ட வேண்டும். அதற்குள் உயரத்தைப் பழைய அளவுக்கு ஏற்றி, அலைன்மென்ட் செய்து, ரிப்போர்ட்டை ஆர்சியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் இந்த மாற்றத்தை மின்னஞ்சலில் தெரிவித்து, பாலிசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ட்ராக்கில் நடப்பதற்குச் சாதாரண கார் பாலிசி பொறுப்பேற்காது. ரேஸும் வேகச் சோதனையும் அதில் விலக்கப்பட்டவை. புஷ் பிரச்சினை தீரும்வரை செட்டிபாளையம் பக்கம் வண்டியைக் கொண்டுபோக வேண்டாம்.