கோதுமையை நிறுத்துவதற்கு முன்: சீலியாக் நோய் குறித்த வாசகர் கேள்விகள்

சென்ற முறை சீலியாக் நோயைப் பற்றி எழுதிய பின் வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு சுருக்கம்: கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலைத் தாக்குவதுதான் சீலியாக் நோய். உணவின் சத்தை உறிஞ்சும் சிறுகுடலின் நுண்விரல்கள் குடலுறிஞ்சிகள்; நோய் எதிர்ப்பு மண்டலம் சுரக்கும் புரதம் எதிர்ப்பொருள்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் டிடிஜி 38 என்று வந்திருக்கிறது. எனக்குச் சீலியாக் நோய் இருக்கிறதா?

பதில்: டிடிஜி என்பது இந்த நோயில் ரத்தத்தில் கூடும் ஓர் எதிர்ப்பொருள். 38 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் பதில் சொல்ல முடியாது. ஓர் ஆய்வகத்தில் இயல்பளவின் உச்சவரம்பு 4 ஆக இருந்தால், உங்கள் அளவு ஏறக்குறைய 10 மடங்கு கூடுதல். நோய் இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். இன்னோர் ஆய்வகத்தில் அந்த வரம்பு 20 என்றால், உங்கள் அளவு அதைப்போல் இரு மடங்குகூட இல்லை. எண்டோஸ்கோபி செய்து சிறுகுடல் திசுவைப் பார்க்காமல் எதையும் முடிவுகட்டக் கூடாது. அந்த உச்சவரம்பு அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதி அனுப்பியவர்கள் இம்முறை ஐந்தாறு பேர். எதிர்ப்பொருள் வகைகளில் ஒன்றான ஐஜிஏவின் மொத்த அளவு பார்க்கப்பட்டதா என்பதையும் கவனியுங்கள். சீலியாக் நோயாளிகள் 100 பேரில் 2 அல்லது 3 பேருக்கு உடலில் ஐஜிஏ மிகக் குறைவாகவே சுரக்கும். டிடிஜியின் ஐஜிஏ வகையை மட்டும் அளக்கும் பரிசோதனை அவர்களுடைய நோயை மறைத்துவிடும்.

கேள்வி: நான்கு ஆண்டுகளாகக் கட்டுப்பாடாக இருக்கிறேன். விருந்துகளில் மட்டும் ஒரு துண்டு கேக் சாப்பிடுகிறேன். வயிற்றுக்கு ஒன்றும் செய்வதில்லை. தொடரலாமா?

பதில்: கூடாது. வயிறு அமைதியாக இருப்பதால் குடலும் நலமாக இருக்கிறது என்று பொருளாகாது. நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்து உள்ளே போனாலே குடலுறிஞ்சிகள் சேதமடையத் தொடங்குகின்றன என்பது நோயாளிகளிடமே சோதித்து அறியப்பட்ட செய்தி. ஒரு ரொட்டித் துண்டில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. அதை நாற்பதாகக் கிள்ளினால் விரல் நுனியில் ஒட்டுமே ஒரு துணுக்கு, அதுதான் 50 மில்லிகிராம்.

கேள்வி: உப்புசம், வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் அவதிப்பட்டேன். தெரிந்தவர் சொன்னதால் கோதுமையை நிறுத்தினேன்; ஒரு மாதத்தில் நலமடைந்தேன். எட்டு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது சீலியாக் இல்லை என்று வந்துவிட்டது. இனி நிம்மதியாக இருக்கலாம் அல்லவா?

பதில்: இதே கதையை வெவ்வேறு சொற்களில் எழுதியவர்கள் இம்முறையும் நிறையப் பேர். உங்கள் பரிசோதனை எதையும் நிரூபிக்கவில்லை. டிடிஜி எதிர்ப்பொருள், குளூட்டன் உள்ளே வரும்வரைதான் சுரக்கும். வரவு நின்றால் சில மாதங்களில் அது குறைந்து, பலருக்கு ஓராண்டுக்குள் இயல்பளவுக்கே வந்துவிடும்; குடலுறிஞ்சிகளும் மெல்ல மெல்ல மீண்டும் வளர்ந்துவிடும். எட்டு மாதம் நெருப்பை அணைத்துவைத்துவிட்டு, புகை இல்லாததால் நெருப்பே இருந்ததில்லை என்று சொல்வது போன்றது இந்த முடிவு.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள உறவு வெளிப்பட்ட விதமே இதற்குச் சான்று. நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே, போருக்கு முன்பே ரொட்டியின் மேல் சந்தேகம் கொண்டிருந்தார். 1944–45 குளிர்காலத்தில் அந்நாட்டில் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனபோது, மற்றக் குழந்தைகள் வாடிக்கொண்டிருக்க, சீலியாக் நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. 1950-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் கோதுமையே காரணம் என்று அவர் நிறுவினார். கோதுமையை விலக்கினால் நோயின் தடயங்கள் மறைகின்றன என்ற அதே உண்மைதான் நமக்குச் சிகிச்சையாகவும் இருக்கிறது, பரிசோதனையைக் கெடுப்பதாகவும் இருக்கிறது.

பெயர் எதுவானால் என்ன, கோதுமை இல்லாமல் நலமாக இருக்கிறேனே என்று கேட்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். கோதுமையை நிறுத்தியதும் உப்புசம் குறைவது சீலியாக் நோயில் மட்டும் நடப்பதன்று. கோதுமையிலுள்ள ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருள் ஒத்துக்கொள்ளாத எரிச்சல் குடல் நோயாளிக்கும் அப்படித்தான் இருக்கும். அவருக்கு எப்போதாவது ஒரு பிஸ்கட் தீங்கு செய்யாது. சீலியாக் நோயாளிக்கோ ஒரு துணுக்கும் கூடாது, வாழ்நாள் முழுவதும் கூடாது. அவருடைய எலும்பின் அடர்த்தியை அளக்க வேண்டும். இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் சோதனை செய்ய வேண்டும். தம் நோயின் பெயர் தெரியாதவர் இவற்றில் எதையும் செய்வதில்லை.

என்னிடம் வந்த ஒரு பெண்மணி மூன்றாண்டுகள் இப்படித் தாமாகவே கோதுமையைத் தவிர்த்து வந்தவர். ஏறக்குறையத் தவிர்த்தார் என்பதே சரி. ஏனெனில் நோய் உறுதியாகாததால் அலுவலகத்தில் யாராவது பிஸ்கட் நீட்டினால் மறுப்பதில்லை. குளியலறையில் வழுக்கிக் கையூன்றியதற்கே மணிக்கட்டு முறிந்து வந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை; எலும்பு அறுபது வயதுக்காரருடையதைப் போல இருந்தது. நோயை உறுதிசெய்ய அவரை மீண்டும் கோதுமை உண்ணச் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தாங்காமல் அழுதபடி தொலைபேசியில் அழைத்து, தம்மால் முடியாது என்று சொல்லிவிட்டார். முதல் வாரத்திலேயே ஒரு குப்பி ரத்தம் கொடுத்திருந்தால் இத்தனையும் நேர்ந்திராது. அவருக்குக் கோதுமையை விடச் சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் எனக்கு அவர்மேல் இன்றும் கோபம் உண்டு.

இனி உங்களுக்கான வழி. முதலில் எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுச் சோதனை செய்துகொள்ளுங்கள்; இதற்குக் கோதுமை உண்ண வேண்டியதில்லை. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் நோயை ஏறக்குறைய முழுமையாகவே விலக்கிவிடலாம். இருந்தால் அதனாலேயே நோய் உண்டு என்றாகாது. மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் அதைச் சுமந்துகொண்டு நலமாகவே வாழ்கிறார்கள். அப்போது மருத்துவர் கண்காணிப்பில் நாள்தோறும் ஒன்றிரண்டு ரொட்டித் துண்டுகள் வீதம் 6 முதல் 8 வாரம் உண்டு, அதன்பின் ரத்தமும் திசுவும் பார்க்க வேண்டியிருக்கும். இதைத் தாமாகச் செய்து பார்க்காதீர்கள். மற்ற வாசகர்களுக்கு ஒரே வேண்டுகோள்: பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: "கோதுமை இல்லாதது" என்று அச்சிட்ட மால்ட் பானம் குடித்த பிறகு இரண்டு நாள் படுத்துவிட்டேன். தயாரிப்பாளர் ஏமாற்றுகிறாரா?

பதில்: இல்லை, நீங்கள்தான் பாதி லேபிளைப் படித்திருக்கிறீர்கள். மால்ட் என்பது பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. அதில் கோதுமை இல்லை என்பது உண்மை, குளூட்டன் இருக்கிறது என்பதும் உண்மை. நீங்கள் தேட வேண்டிய சொல் "குளூட்டன் இல்லாதது". கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரத்தின்படி, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாவிட்டால்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம். அந்த அளவில் நாளுக்கு அரைக் கிலோ உண்டாலும் 10 மில்லிகிராம்தான் உள்ளே போகும். கோதுமை, பார்லி, ரை மூன்றும் விலக்கப்பட வேண்டியவை. மைதா, ரவை, ஸ்பெல்ட், டூரம் எல்லாம் கோதுமையின் வேறு பெயர்களே. பக்வீட் மட்டும் பெயரில் கோதுமையை வைத்துக்கொண்டு கோதுமைக்கு எந்த உறவும் இல்லாத தானியம். சாதாரண சோயா சாஸில் கோதுமை இருக்கும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. பழகிய பொருளாக இருந்தாலும் வாங்கும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள்; செய்முறை மாறினால் யாரும் உங்களுக்குக் கடிதம் எழுதிச் சொல்லப்போவதில்லை.

கேள்வி: நன்றாகக் கொதிக்கவைத்தால் அல்லது பொரித்தால் குளூட்டன் அழிந்துவிடுமா?

பதில்: அழியாது. அது கிருமி அன்று, புரதம்.

கேள்வி: வீட்டில் நான் மட்டுமே நோயாளி. மற்றவர்களுக்குக் கோதுமை சமைக்கும் அதே சமையலறையில் எனக்கும் சமைக்கலாமா?

பதில்: சமைக்கலாம், ஒழுங்கு வேண்டும். எஃகுப் பாத்திரங்களை நன்கு கழுவினால் போதும், தனியாக வாங்க வேண்டியதில்லை. தனியாக வேண்டியவை சல்லடை, மரக்கரண்டி, மாவு தேய்க்கும் பலகை ஆகியவை. உங்கள் வீட்டுச் சல்லடையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பத்து முறை கழுவியதாக நீங்கள் நம்பும் வலையின் விளிம்பில், கம்பியும் சட்டமும் சேரும் இடத்தில், வெள்ளையாக ஒரு கோடு இறுகிப்போயிருக்கும். அதன்மேல் உங்கள் அரிசிமாவைச் சலித்தால் அது இனி உங்களுக்கு ஆகாது. கோதுமை நூடுல்ஸ் வெந்த நீரிலும், மைதா தோய்த்தவை பொரித்த எண்ணெயிலும் உங்கள் உணவைப் போடாதீர்கள். வெண்ணெயும் ஜாமும் உங்களுக்கெனத் தனி டப்பாவில் இருக்கட்டும். ரொட்டியைத் தொட்ட கத்தி மீண்டும் உள்ளே போவதை வீட்டில் யாராலும் தடுக்க முடியாது. உங்களுக்கு உரியதை முதலில் சமைத்து மூடிவைத்துவிட்டு, பிறகு கோதுமை மாவுப் பையைத் திறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓட்ஸ் சாப்பிடலாமா? ஒருவர் ஆம் என்கிறார், ஒருவர் இல்லை என்கிறார்.

பதில்: இருவரும் சொல்வதில் நியாயம் உண்டு. ஓட்ஸில் உள்ள அவெனின் என்ற புரதம் பெரும்பாலான நோயாளிகளுக்குத் தீங்கு செய்வதில்லை. மிகச் சிலருக்கே ஒத்துக்கொள்ளாது. பெரிய சிக்கல், வயலிலும் ஆலையிலும் கோதுமையும் பார்லியும் அதில் கலந்துவிடுவது. ஆகவே முதல் 6 மாதமாவது தவிர்த்துவிட்டு, குடல் தேறி எதிர்ப்பொருளும் இறங்கிய பின், குளூட்டன் இல்லாதது என்று சான்றளிக்கப்பட்ட ஓட்ஸை மட்டும் நாளுக்கு 50 கிராம் வரை உண்டு பாருங்கள். பொதியில் "100 சதவீதம் ஓட்ஸ்" என்று இருப்பது அந்தச் சான்று ஆகாது.

கேள்வி: எனக்கு நோய் உறுதியாகிவிட்டது. என் தம்பிக்கும் மகளுக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. அவர்களையும் சோதிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு இருக்கும் இந்த நோய், நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளிடையே 100-க்கு ஏறக்குறைய 10 பேருக்கு இருக்கிறது. இன்று இல்லையென்றால் என்றும் இல்லை என்று கொள்ள வேண்டாம், பிற்பாடும் வரலாம். உங்களோடு சேர்ந்து அவர்களும் இப்போது கோதுமையை விட்டிருந்தால் மூன்றாவது பதிலை மீண்டும் படியுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகன் வகுப்பிலேயே குள்ளம். ரத்தசோகைக்கு எவ்வளவு மருந்து கொடுத்தும் ஏறவில்லை. ஆனால் வயிற்றுப்போக்கே இல்லை. சீலியாக்காக இருக்குமா?

பதில்: இருக்கலாம். வயிற்றுப்போக்கு இல்லாத சீலியாக் நோயாளிகள் ஏராளம். இரும்புச்சத்து உறிஞ்சப்படும் இடம் முன்சிறுகுடல். இந்த நோய் முதலில் தாக்குவதும் அதையே. எனவே மருந்துக்கு அசையாத ரத்தசோகையும் நின்றுபோன வளர்ச்சியும் சேர்ந்தால் டிடிஜி பார்த்தே ஆக வேண்டும். அதுவரை அவன் வழக்கம்போல் எல்லாம் சாப்பிடட்டும்.

கேள்வி: ஓராண்டாகச் சுத்தமாக இருக்கிறேன். சோர்வும் வயிற்றுப்போக்கும் முழுதாகப் போகவில்லை. நோய் முற்றிவிட்டதா?

பதில்: அதற்குள் அச்சம் வேண்டாம். இத்தகைய குறைகளுக்கு முதற்காரணம், தெரியாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும் குளூட்டன். ஒரு வாரம் வாயில் போடும் அனைத்தையும், மாத்திரை உட்பட, ஒரு தாளில் எழுதி உணவியல் வல்லுநரிடம் கொடுங்கள். சில மாத்திரைகளில் கோதுமை ஸ்டார்ச் சேர்க்கப்படுவதுண்டு. சேதமடைந்த குடலில், பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி குறைவதால் பால் சில மாதங்களுக்கு ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். குடல் தேறினால் அதுவும் தேறும். இவை இரண்டும் இல்லையென்றால் கணையம், பெருங்குடல் அழற்சி, தைராய்டு என்று மருத்துவர் தேடுவார். பெரியவர்களின் குடல் முழுதாக ஆற இரண்டாண்டும் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். உணவுக் கட்டுப்பாட்டுக்கே அடங்காத சீலியாக் நோய் உண்டு. ஆனால் அது அரிது. மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகுதான் அந்தப் பெயரை உச்சரிக்க வேண்டும்.

கேள்வி: குளூட்டன் இல்லாத உணவுக்கு மாறியபின் 7 கிலோ கூடிவிட்டேன், மலச்சிக்கலும் வந்துவிட்டது. ஏன்?

பதில்: குடல் சரியாக உறிஞ்சத் தொடங்கியிருக்கிறது, எடை ஓரளவு கூடுவது இயல்பே. மீதிக்குக் காரணம், உங்கள் கடிதத்திலேயே நீங்கள் பட்டியலிட்டிருக்கும் பொதி பிஸ்கட்டுகளும் கேக்குகளும். அவற்றில் நார் குறைவு, சர்க்கரையும் கொழுப்பும் அதிகம். அரிசி, சோளம், சிறுதானியம், பருப்பு, காய், பழம், முட்டை, மீன் ஆகியவை இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. சிறுதானிய மாவை மட்டும் கோதுமையும் அரைபடும் ஆலையில் அரைக்கக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: முழங்கையிலும் முட்டியிலும் கடும் அரிப்போடு சிறு கொப்புளங்கள் வருகின்றன. இதற்கும் கோதுமைக்கும் தொடர்பு உண்டா?

பதில்: இருக்கக்கூடும். டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்பது சீலியாக் நோயின் தோல் வடிவம். பெரும்பாலும் இரு பக்கமும் ஒன்றுபோல் வரும். கொப்புளத்துக்கு அருகிலுள்ள நல்ல தோலில் சிறு துணுக்கு எடுத்து ஐஜிஏ படிவைப் பார்ப்பார்கள். டாப்சோன் மருந்தில் அரிப்பு சில நாளிலேயே அடங்கும். ஆனால் குடலைக் காப்பது உணவுக் கட்டுப்பாடுதான். தோல் மருத்துவரைப் பார்க்கும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஷாம்பூவில் கோதுமைப் புரதம் இருக்கிறதே?

பதில்: குளூட்டன் தோல் வழியே குடலுக்குப் போவதில்லை. வாய்க்குள் போகக்கூடிய உதட்டுச்சாயம், பற்பசை ஆகியவற்றை மட்டும் பாருங்கள்.

கேள்வி: குளூட்டனைச் செரிக்கவைக்கும் நொதி மாத்திரை விற்கிறார்கள். போட்டுக்கொண்டு வெளியில் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு வேளை உணவிலுள்ள குளூட்டன் முழுவதையும் குடலைத் தொடும் முன் உடைக்கும் மாத்திரை இதுவரை வரவில்லை. வெளியில் சாப்பிட வேண்டியிருந்தால், பரிமாறுபவரிடம் கேட்டு நிறுத்திவிடாமல், சமைத்தவரையே அழைத்து எந்த எண்ணெயில், எந்தப் பாத்திரத்தில் செய்தார் என்று கேளுங்கள்.