70 வருஷம் என்று தெரிந்த பிறகும் ஜெபம் எதற்கு?

கேள்வி: போதகர் ஐயா, எங்களுக்கு 2 ஏக்கர் தோத்தாபுரி மாந்தோப்பு. தையில் பூ நன்றாக எடுத்தது, மாசியில் தத்துப்பூச்சி விழுந்து பாதிப் பூ கருகிப்போச்சு. சபையில் சொன்னால், எல்லாம் தேவ சித்தம், அவர் முன்னமே தீர்மானித்தது என்கிறார்கள். அப்படியானால் நான் முழங்காலில் நிற்பதும் மருந்தடிப்பதும் எதற்கு?
வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: சகோதரி, பூ கருகிய தோப்பில் நிற்கிறவரிடம் 'தேவ சித்தம்' என்று மட்டும் சொல்லி அனுப்பியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த வார்த்தை உண்மைதான், ஆனால் வேதத்தில் அது தனியாக வருவதில்லை.

எரேமியா 29-ஐ எடுங்கள். பாபிலோனுக்குச் சிறையாகப் போன யூதருக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம் அது. 70 வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்புவீர்கள் என்று 10ஆம் வசனத்தில் கர்த்தர் கணக்கைச் சொல்லிவிடுகிறார். சரி, அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள் என்றா சொல்கிறார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று அதே கடிதத்தின் 5ஆம் வசனத்தில் இருக்கிறது. சிறையாக வந்த ஊரில், அடுத்தவன் மண்ணில், தோட்டம்! ஒரு கன்று மரமாகிக் காய்க்க எத்தனை வருஷம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்தடிப்பது அவிசுவாசம் இல்லை, தைரியமாக அடியுங்கள்.

அப்புறம் ஜெபம். வாலிபனாகப் பாபிலோனுக்கு வந்த தானியேல், தானியேல் 9இல் முதியவர். கி.மு. 539இல் பாபிலோன் பெர்சியர் கையில் விழுந்துவிட்டது, எரேமியாவின் சுருளை வாசித்து அந்த 70 வருஷத்தைப் புரிந்துகொள்கிறார், புரிந்துகொண்டவர் நிம்மதியாகக் காத்திருக்காமல் இரட்டு என்கிற முரட்டுத் துணி உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, உபவாசமிருந்து, தாமதிக்காமல் செய்யும் ஆண்டவரே என்று கெஞ்சுகிறார். கணக்குத் தெரிந்த மனிதர்தான் அப்படிக் கெஞ்சுகிறார். கர்த்தரையே அறியாத பெர்சிய ராஜா கோரேசு யூதரை ஊருக்குப் போகச் சொன்னதும் அந்தக் காலத்தில்தான். அதில் அந்த முதியவரின் ஜெபத்துக்கு எவ்வளவு பங்கு என்று வேதம் அளந்து சொல்லவில்லை. நீ வேண்டிக்கொள்ளத் தொடங்கினபோதே கட்டளை வெளிப்பட்டது என்று மட்டும் காபிரியேல் தூதன் சொல்கிறான்.

உங்கள் பூ ஏன் கருகியது என்று சொல்ல என்னிடம் வசனம் இல்லை. மீதிப் பூ பிஞ்சு பிடிக்க நானும் உங்களோடு ஜெபிக்கிறேன்.

கேள்வி: தீர்க்கதரிசனம் எல்லாமே நடந்து முடிந்த பிறகு எழுதி வைத்தது என்கிறார் என் அண்ணன். என்ன பதில் சொல்ல?
வாசகர், ஓசூர்

பதில்: கோரேசின் பெயர் வருகிற ஏசாயா 44, 45 சிறையிருப்புக் காலத்தில் எழுதப்பட்டவை என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்வதுண்டு. கோரேசுக்கு வெகுகாலம் முன்னே வாழ்ந்த ஏசாயாவே எழுதினார் என்றுதான் நான் நம்புகிறேன், ஆனால் அதை வைத்து அண்ணனோடு மல்லுக்கட்ட வேண்டாம். 1947இல் சவக்கடல் ஓரம் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள், இயேசு பிறப்பதற்கு 100 வருஷத்துக்கும் முன்னால் எழுதப்பட்ட பிரதி. பிறருக்காகப் பாடுபடும் ஒருவரைப் பற்றிய 53ஆம் அதிகாரம் அதில் முழுசாக இருக்கிறது. அந்த 12 வசனத்தை மட்டும் அவர் கையில் கொடுத்து, இது யாரைப் பற்றி என்று கேளுங்கள்.