வாசகர் கேள்வி: மீகணினித் துறையில் நுழைய என்ன வழி?

கேள்வி: திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் இறுதியாண்டு படிக்கிறேன். மீகணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) சார்ந்த ஆராய்ச்சி வேலைக்குப் போக ஆசை. கையில் இருப்பது பழைய மடிக்கணினி மட்டுமே. எங்கே தொடங்கலாம்?
– வாசகி, உப்புவெளி

பதில்: அந்த மடிக்கணினியே போதும். லினக்ஸ் இயங்குதளம், ஒரு நிரலைப் பல செயல்முறைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்ட உதவும் ஓப்பன் எம்பிஐ (Open MPI) இரண்டையும் நிறுவுங்கள். தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணிக்கும் நிரலை சி++ இல் எழுதி, 1, 2, 4 செயல்முறைகளில் ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். வேகம் நான்கு மடங்காகாது. தகட்டைப் பகுதிகளாகப் பிரித்துக் கணிக்கும் செயல்முறைகள், அப்பகுதிகளின் எல்லைத் தரவைப் பரிமாறும்போது ஒன்றுக்கொன்று காத்திருக்கும். நிரலில் 5 சதவீதம் வரிசையாகவே ஓட வேண்டுமென்றால், எத்தனை ஆயிரம் செயலிக் கருக்கள் (cores) கொடுத்தாலும் 20 மடங்கைத் தாண்ட முடியாது. இது அம்டாலின் விதி. தாமதம் எங்கே என்று அளந்து காட்டத் தெரிந்தவருக்கு இத்துறையில் உண்மையான மதிப்பு உண்டு.

அடுத்தது ஜிபியு (GPU), அதாவது ஏராளமான கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் வரைகலைச் செயலி. 2022இல் எக்சா அளவை (நொடிக்கு 10^18 கணக்குகள்) எட்டிய அமெரிக்க மீகணினி ஃபிரொன்டியரின் வேகத்தில் பெரும்பங்கு ஜிபியுக்களுடையது. ஆகவே ஜிபியுவுக்கு நிரல் எழுத உதவும் கூடா (CUDA) அல்லது ஹிப் (HIP) பழகுங்கள். பிறகு, மீகணினியில் பயனர்களின் வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் சிலர்ம் (Slurm) மென்பொருள்: அதில் கொடுத்த வேலை பாதியில் நின்றால், கேட்ட நினைவகமும் நேரமும் போதுமா என்று முதலில் பாருங்கள்.

விண்ணப்பிக்கும்போது ‘ஆய்வு மென்பொருள் பொறியாளர்’ பதவிகளையும் தேடுங்கள். வெப்ப நிரலையும், குறித்த நேரங்களைக் காட்டும் வரைபடத்தையும் கிட் (Git) களஞ்சியத்தில் இணையத்தில் ஏற்றி, அதன் இணைப்பை விண்ணப்பத்தில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.