ஸ்மார்ட் போர்டு ட்ரெய்னிங் குடுத்தும் டீச்சர்ஸ் ஏன் அத கிளாஸ்ல யூஸ் பண்றதில்ல?

ட்ரெய்னிங்ல பெரும்பாலும் ஆன் பண்றது, லாகின் பண்றது, பேனா கலர் மாத்துறது இதோட முடிச்சிடறாங்க, ஆனா டீச்சருக்கு வேண்டியது நாளைக்கு நடத்தப்போற பாடத்த இத வச்சு எப்படி எடுக்கறதுங்கறதுதான். வீடியோவுக்குப் பஞ்சமில்ல, தமிழ்நாட்டுல 2018-ல வந்த புதுப் புத்தகத்துலயே க்யூஆர் கோடு இருக்கு, 2023-ல பள்ளிக்கல்வித்துறையோட பாட வீடியோ ஆப்பான மணற்கேணியும் வந்துடுச்சு.

ஆறாங்கிளாஸ் காந்தவியல் பாடத்தயே எடுத்துக்கங்க. வீடியோவ முழுசா ஓடவிட்டா பசங்க வேடிக்கை பாத்துட்டுப் போயிடுவாங்க. ரெண்டு வடதுருவமும் கிட்ட வர்ற இடத்துல வீடியோவ நிறுத்தி, "இப்ப என்னடா ஆகும்?"னு கேட்டு, நோட்டுல எழுத வச்சு, நிஜ காந்தத்தக் கையில குடுத்து செஞ்சு பாக்கச் சொல்லிட்டு அப்புறமா ப்ளே பண்ணணும். ட்ரெய்னிங்ல டீச்சரே இப்படி ஒரு தடவ நடத்திப் பாக்கணும், கூட இருக்கற டீச்சருங்க பாத்து கருத்து சொல்லணும், என்னக் கேட்டா மத்ததெல்லாம் அப்புறம்தான்.

நெட் சரியா கிடைக்காத ஊருல முந்தின நாளே டவுன்லோட் பண்ணி வைக்கவும் பழக்கணும். ஒருநாள் ட்ரெய்னிங்கோட விட்டுடாம, வட்டார வளமைய ஆசிரியர் பயிற்றுநர் ஸ்கூலுக்கே வந்து, கிளாஸ்ல உக்காந்து பாத்து, அங்கயே சந்தேகத்தத் தீர்த்து வச்சாதான் டீச்சருக்கு தைரியம் வரும்.