புரமோட்டரைப் படிக்க விரும்பும் மகளும் ஒரு தந்தையின் தயக்கமும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, நீட் பயிற்சியைத் தொடர மனமில்லை என்றும், மரபணுக்களை இயக்கும் புரமோட்டர் பகுதிகளைப் பற்றிய ஆராய்ச்சிப் படிப்புக்கே போக விரும்புவதாகவும் மகள் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். புரமோட்டர் என்றால் அடுக்குமாடி கட்டி விற்பவர் என்றுதான் இதுவரை அறிந்திருந்தேன், இதைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. அது தெரியாமல் சரி என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் மனம் ஆறாது.

நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. தான், சுமார் 300 கோடி எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதிப்பொருள்களைத்தான் எழுத்துகள் என்கிறோம்), அவற்றுள் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. இன்சுலினுக்கான மரபணு கண்ணின் செல்லிலும் இருக்கிறது, தோலின் செல்லிலும் இருக்கிறது. ஆனால் கணையத்தின் பீட்டா செல் மட்டுமே அதைக் கொண்டு இன்சுலினைச் சுரக்கிறது. எந்த மரபணு எந்தச் செல்லில், எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் முதன்மையான பங்கு, மரபணு தொடங்கும் இடத்தை ஒட்டி அமைந்துள்ள ஒரு சிறு டி.என்.ஏ. பகுதிக்கு உண்டு. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி வந்து அமர்ந்து, மரபணுவை ஆர்.என்.ஏ. என்ற நகலாக எழுதும் படியெடுத்தலைத் தொடங்கும் அந்த இடத்தைத்தான் புரமோட்டர் என்கிறோம்.

பாக்டீரியாவில் இதைத் தெளிவாகக் காணலாம். படியெடுத்தல் தொடங்கும் புள்ளிக்கு ஏறத்தாழ 10 எழுத்துகளுக்கு முன்னால் டி-ஏ-டி-ஏ-ஏ-டி என்பதை ஒத்த ஆறெழுத்துத் தொடர் இருப்பதை பிரிப்னோ என்ற ஆய்வாளர் 1975-இல் வெளியிட்டார். 35 எழுத்துகளுக்கு முன்னால் இன்னொரு தொடர் இருக்கிறது. சிக்மா என்ற புரதம் இவ்விரண்டையும் அடையாளம் கண்டு நொதியைக் கொண்டுவந்து சேர்க்கிறது. எழுத்துகள் இந்த வடிவத்தை எவ்வளவு நெருங்கி இருக்கின்றனவோ, பொதுவாக அவ்வளவு வேகமாக அந்த மரபணு படியெடுக்கப்படும். மனிதச் செல்லில் கதை சிக்கலானது. அங்கே நொதி தனியாக வருவதில்லை, துணைப் புரதங்கள் பல சேர்ந்து வருகின்றன. ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு அப்பால் இருக்கும் வேறு டி.என்.ஏ. பகுதிகளும் புரமோட்டரின் வேலையைக் கூட்டுகின்றன, குறைக்கின்றன. இந்த இயக்கத்தை மூலக்கூறு அளவில் ஆராய்ந்ததற்காகத்தான் ரோஜர் கோர்ன்பெர்க்குக்கு 2006-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இது வெறும் ஏட்டறிவு என்று தோன்றினால், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயை எண்ணிப் பாருங்கள். இரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினுக்குத் தேவையான பீட்டா குளோபின் மரபணுவில், படியெடுத்தல் தொடங்கும் இடத்துக்கு 28 எழுத்துகளுக்கு முன்னால் ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஜி வந்துவிடும் மாற்றம் தென் சீனக் குடும்பங்கள் பலவற்றில் காணப்படுகிறது. புரதத்துக்கான எழுத்துகளில் ஒரு பிழையும் இல்லை; உருவாகும் பீட்டா குளோபின் குறையற்றது. ஆனால் புரமோட்டரில் அந்த ஓர் எழுத்து மாறியதால் அதன் அளவு குறைந்துவிடுகிறது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பழுதுபட்ட இரண்டு பிரதிகளைப் பெறும் குழந்தை இரத்தசோகையோடு வளர்கிறது. குறை புரதத்தில் இல்லை, அதை எவ்வளவு உருவாக்குவது என்ற கட்டளையில் இருக்கிறது. உங்கள் மகளை ஈர்த்தது இதுதான் என்றால், அவரது நாட்டத்தை விளையாட்டுத்தனம் என்று தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி வேலை. பெங்களூரில் உள்ள பயோகான் நிறுவனம் இன்சுலினை பிக்கியா என்ற ஈஸ்ட்டில் வளர்த்துத் தயாரிக்கிறது. பிக்கியாவைக் கொண்டு புரதம் தயாரிப்பதில் பெரிதும் பயன்படுவது ஏஓஎக்ஸ்1 என்ற புரமோட்டர். கிளிசரால் இருக்கும்வரை அது உறங்கும். கிளிசரால் தீர்ந்து மெத்தனால் கிடைத்தால் விழித்துக்கொண்டு, தன் பின்னால் இணைக்கப்பட்ட மரபணுவை முழு வீச்சில் இயக்கும். ஆகவே நொதிகலத்தின் (ஈஸ்ட்டை வளர்க்கும் கலன்) முன் நிற்பவர் முதலில் கிளிசராலைக் கொடுத்து ஈஸ்ட்டைப் பெருக்க வேண்டும். பிறகு கரைந்துள்ள ஆக்ஸிஜனின் அளவு சட்டென்று உயர்வதைக் கண்டு கிளிசரால் தீர்ந்துவிட்டது என்று அறிந்து, அதன் பின்னரே மெத்தனாலைச் சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும். அவசரப்பட்டால் புரமோட்டர் விழிக்காது. அளவு மீறினால் ஈஸ்ட் மடியும். புரமோட்டரை அறிந்தவருக்குத் தொழிற்சாலையில் என்ன வேலை என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த நொதிகலத்தைத்தான்.

இன்னொன்று நம் வேலூரிலேயே நடந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், இரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோபிலியா-ஏ கடுமையாக உள்ள 5 பேரின் சொந்த இரத்த ஸ்டெம் செல்களை (இரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்கள்) எடுத்து, அவற்றில் எட்டாம் உறைவுக் காரணிக்கான மரபணுவைச் சேர்த்து, மீண்டும் அவர்கள் உடலிலேயே செலுத்தினார்கள். முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. அந்த மரபணுவுக்கு முன்னால் சிடி68 என்ற புரமோட்டரை வைத்திருந்தார்கள். ஸ்டெம் செல்லிலிருந்து உருவாகும் மோனோசைட் என்ற வகை வெள்ளணுக்களில்தான் அது முனைப்பாக இயங்கும். மரபணுவைச் செலுத்துவது பாதி வேலை என்றால், அது எந்தச் செல்லில் பேச வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மறுபாதி. சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலத்தில் அந்த ஐவருக்கும் இரத்தக்கசிவு நேரவில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு, கசப்பான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெறும் பி.எஸ்சி. பயோடெக்னாலஜியோடு நின்றுவிட்டால் இந்த வேலைகளின் வாசல்வரைகூடப் போக முடியாது. அப்படி நின்ற பலர் இன்று மெடிக்கல் கோடிங் நிறுவனங்களிலும் இரத்தப் பரிசோதனைக் கூடங்களிலும் பணிபுரிகிறார்கள். அது மதிப்பற்ற வேலை அல்ல. ஆனால் அதற்காக உங்கள் மகள் இந்தப் படிப்பைக் கேட்கவில்லை. முதுநிலை கட்டாயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்; ஆராய்ச்சியாளராக வேண்டுமெனில் முனைவர் பட்டமும் தேவை. பள்ளியை விட்ட பிறகு பத்து ஆண்டுகள் ஆகலாம்.

அந்தப் பத்து ஆண்டுகளும் உங்கள் செலவில் கழியப்போவதில்லை. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன் பின் 42,000 ரூபாயும் கிடைக்கும். வீட்டு வாடகைப்படி தனி. ஆகவே நீங்கள் உண்மையில் திட்டமிட வேண்டியது முதல் ஐந்து ஆண்டுகளுக்குத்தான்.

அதற்கு நான் முதலிடம் தருவது ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்புக்கு. திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. சேர்க்கை ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு வழியாக. அதில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்விகள். நீட்டுக்குப் படிப்பவர்கள் கணிதத்தைக் கைவிட்டுவிடுவது வழக்கம். உங்கள் மகள் உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவில் படிப்பதாக எழுதியிருப்பதால், இன்றிலிருந்தே கணிதத்துக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். பின்னாளில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் இயக்கத்தைக் கணினியில் அலசும்போதும் அந்தக் கணிதமும் பைத்தான் போன்ற நிரல் மொழியும்தான் கைகொடுக்கும். அங்கே இடம் கிடைக்காவிட்டால், ஊருக்கு அருகிலுள்ள அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ பி.எஸ்சி. முடித்து, ஜாம், காட்-பி போன்ற தேர்வுகளை எழுதி நல்ல முதுநிலைத் துறையை அடையலாம். அது சுற்றுவழி என்றாலும் தாழ்ந்த வழி அல்ல.

கடன் வாங்கியோ நிலத்தை விற்றோ தனியார் கல்லூரியில் மரபணுப் பொறியியல் பட்டத்தில் சேர்க்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் குடும்பம் அப்படிச் சேர்த்தபோது நான் உறுதியாகத் தடுக்கவில்லை. நான்கு ஆண்டுகளில் அந்தப் பெண் மிகச் சிறு அளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டைத் தன் கையால் பிடித்தது விரல் விட்டு எண்ணக்கூடிய முறைகள்தான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. எந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனாலும் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனையை ஒவ்வொரு மாணவரும் தாமே செய்கிறார்களா, ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

நீட் தேர்வை இதுவரை படித்ததை வைத்து இந்த ஆண்டு எழுதட்டும். அதற்காக இன்னொரு ஆண்டு பயிற்சி மையத்தில் உட்கார வற்புறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. நோயாளியின் அருகில் இருக்க விரும்புகிறாரா, நோயின் காரணத்தைத் தேட விரும்புகிறாரா என்பதை அவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

பிளஸ் டூ விலங்கியல் பாடத்தில் லாக் ஓபரான், அதாவது பாக்டீரியா லாக்டோஸ் என்ற சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுப்பு, வருகிறது. ஜேக்கப், மோனோ இருவரும் 1961-இல் முன்வைத்த கருத்து அது. ஒரு மாலை நேரத்தில் தாளும் பென்சிலுமாக அதை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். குளுக்கோஸும் லாக்டோஸும் சேர்ந்து கிடைத்தால் பாக்டீரியா ஏன் லாக்டோஸைத் தொடாமல் காத்திருக்கிறது, அப்போது அந்தப் புரமோட்டரில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். அவர் வரைந்து காட்டும் படத்தையும் சொல்லும் விடையையும் எனக்கு அனுப்பி வையுங்கள், ஐ.ஏ.டி. விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் மூவருமாக அமர்ந்து, எந்த நிறுவனத்தை எந்த வரிசையில் தேர்வது என்று பேசுவோம்.